ஓடி வருபவர்களுக்கு ஒரு கேட்

எங்கள் ஊரில் நிலம் ஆடினால் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். அடுப்பில் தோசை இருந்தால் திருப்பிப் போடுவார்கள். கையில் டீ இருந்தால், சிந்தாமல் இருக்க டம்ளரைக் கொஞ்சம் தூக்கிப் பிடிப்பார்கள். "பிளாஸ்ட்டு" என்று ஒருவர் சொல்வார். "ஆமா" என்று இன்னொருவர் சொல்வார். தங்க வயலில் நிலநடுக்கம் என்றால் அவ்வளவுதான். சுரங்க வேலை நடந்த காலத்தில் அடியில் பாறை நொறுங்கினால் மேலே வீடு ஆடும். அந்த ஆட்டத்துக்கு வைத்த பெயர் அது. சுரங்கத்தை மூடி இருபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது, உள்ளே தண்ணீர் நிறைந்துவிட்டது. ஆனாலும் பாறைகள் அவ்வப்போது புரண்டு படுக்கின்றன. நாங்களும் டம்ளரைத் தூக்கிப் பிடிக்கிறோம்.

இப்படிப்பட்ட ஊரில் நிலநடுக்கத்தைத் தாங்கும் பள்ளிக்கூடம் கட்டப்போகிறேன் என்று கிளம்பியவன் நான்.

என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். தினமும் காலை ரயிலில் பெங்களூருக்குப் போய்வரும் சிவில் இன்ஜினியர். அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு அடியில் கார் நிறுத்தும் தளம் வரைவது என் பிழைப்பு. இதுவரை எந்தக் காரும் என் மேல் புகார் சொன்னதில்லை. ஊரில் எனக்கு இருக்கும் பெயர் வேறு. சாவு வீட்டில்கூட யாரையாவது சிரிக்க வைத்துவிட்டு முதல் ஆளாகத் திட்டு வாங்குபவன் என்று. நான் சொல்வதில் எது விளையாட்டு, எது வினை என்று யாருக்கும் தெரியாது. அது எவ்வளவு ஆபத்தான பெயர் என்று பின்னால்தான் புரிந்தது.

என் மனைவி ஊரிகம் பகுதியில், சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கு நடுவில் இருக்கும் ஒரு சின்னப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். கருங்கல்லை மண் சாந்தில் அடுக்கிக் கட்டிய பழைய அறை அவளுடையது. மேலே தகரம், முன்னால் இரும்பு கிரில் போட்ட குறுகலான வராந்தா. அறையின் மூலையில், கதவுக்கும் சன்னலுக்கும் நடுவில் ஒரு விரிசல் இருந்தது. மழைக்காலத்தில் ஒரு பிளாஸ்ட் வந்த மறுநாள் அது தலைமுடி மாதிரி தெரிந்தது. தீபாவளிக்குள் பென்சில் நுழைந்தது. கிறிஸ்துமஸுக்குள் சாக்பீஸ் நுழைந்தது, திரும்பி வரவில்லை. பிள்ளைகள் அதற்கு போஸ்ட் பாக்ஸ் என்று பெயர் வைத்து, மிட்டாய்க் காகிதம், புளியங்கொட்டை, பிடிக்காதவனின் ரப்பர் என்று எல்லாவற்றையும் அதில் தபால் போட்டார்கள்.

"நேத்து ஸ்கேலு போச்சுங்க," என்றாள் ஒரு சாயங்காலம். "முழு ஸ்கேலு."

"பதில் லெட்டர் வந்துச்சா?"

அவள் சிரிக்கவில்லை. வழக்கமாக என் நகைச்சுவைக்குச் சிரிக்காவிட்டாலும் உதட்டையாவது சுழிப்பாள். அன்றைக்கு அதுவும் இல்லை.

"அந்தச் செவுத்துல சாஞ்சுக்கினுதாங்க கொழந்தைங்க சாப்புடுதுங்க. நீங்க இன்னான்னா பெங்களூருல காருக்கு வூடு கட்டிக்கினு கீறீங்க."

மறுவாரமே பள்ளியின் கமிட்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன்.

கமிட்டி என்றால் செயலாளர்தான். மற்றவர்கள் அவர் தலை அசைக்கும் திசையில் அசைப்பவர்கள். சுரங்கத்தில் ஷிஃப்ட் பாஸாக, ஒரு முறை ஆட்களுக்கெல்லாம் மேற்பார்வையாளராக இருந்து வெளியே வந்தவர். பூமிக்கடியில் இயந்திரச் சத்தத்தை மீறிப் பேசிப் பழகிய குரல். "உப்பு குடும்மா" என்று வீட்டில் கேட்டால் பக்கத்து லைனில் யாராவது உப்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

"இன்னா தம்பி," என்றார், "அந்தச் செவுரு எவ்ளோ பிளாஸ்ட்டு பாத்துக்கீது தெரியுமா? நீ பொறக்கறதுக்கு முன்னாடியே பாத்துக்கினு கீது. வுழுந்துச்சா?"

"வுழல சார். ஒவ்வொரு வாட்டியும் கொஞ்சம் கொஞ்சமா வுழுந்துக்கினு கீது. மொத்தமா வுழறதுதான் பாக்கி."

டீயோடு ரஸ்க் வந்திருந்தது. தட்டில் இருந்த ரஸ்க்குகளை அடுக்கி நாலு பக்கமும் சுவர் எழுப்பினேன். கமிட்டி உறுப்பினர்கள் ஏதோ வித்தை என்று முன்னால் சாய்ந்தார்கள். மேசையை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினேன். மூலைகள் பிரிந்து சுவர் சரிந்தது. ஒரு ரஸ்க் நேராகப் போய் செயலாளரின் டீயில் குளித்தது.

"இதான் நம்ம ஒண்ணாங் கிளாஸு," என்றேன்.

மறுபடி அடுக்கினேன். இந்த முறை பாதி உயரத்திலும் உச்சியிலும், பையில் கொண்டுபோயிருந்த நூலைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். ஆட்டினேன். ரஸ்க்குகள் நொறுநொறுவென்று அலறின, ஆனால் ஒன்றையொன்று விட்டுப் பிரியவில்லை. செயலாளர் தன் டீயில் ஊறிக்கொண்டிருந்த ரஸ்க்கை ஸ்பூனால் எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, "சரி, கட்டு" என்றார். நான் சொன்ன காரணத்துக்காகவா, ரஸ்க் வீணாகக்கூடாது என்பதற்காகவா தெரியாது.

கட்டினோம். அதைப் பற்றி அடக்கமாகப் பேச எனக்கு வராது. அஸ்திவாரம் தோண்டிய மண்ணையே சலித்து, கொஞ்சம் சிமென்ட் கலந்து, கை இயந்திரத்தில் அழுத்திக் கல்லாக எடுத்தோம். சூளை இல்லை, விறகு இல்லை, வெயிலும் ஈரச் சாக்கும் போதும். சயனைடு மேட்டில் மண் சும்மா கிடைக்கிறதே என்று ஒருவர் யோசனை சொன்னார். பாறையை அரைத்துத் தங்கம் எடுத்த பிறகு சயனைடோடு கொட்டிய அந்த மண்ணில் பிள்ளைகளை உட்கார வைப்பதற்கு நான் வேறு ஊருக்கே ஓடிப்போகலாம் என்றேன். ரஸ்க்குக்கு நூல் கட்டிய மாதிரி அஸ்திவாரத்தின் மேல் ஒரு பெல்ட், சன்னலுக்கு மேலே ஒரு பெல்ட், கூரைக்குக் கீழே ஒரு பெல்ட், எல்லாம் கம்பி போட்ட கான்கிரீட். மூலைகளில் அடியிலிருந்து உச்சி வரை நிற்கும் கம்பி. மூலையை ஒட்டி சன்னல் கிடையாது. விழுந்தாலும் தலையை உடைக்காத லேசான கூரை. மேலே சூடு வெளியேற இடைவெளி விட்டதால் பகலில் ஃபேன் வேண்டாம். கூரைத் தண்ணீர் முழுக்கத் தொட்டிக்குப் போகும்.

முக்கியமாகக் கதவுகள். ஒவ்வொரு அறைக்கும் நேராக மைதானத்தைப் பார்த்து ஒரு கதவு, வெளிப்பக்கமாகத் திறப்பது.

"வாசக் கதவு வெளிய தொறந்தா லட்சுமி எப்படிப்பா உள்ள வருவா? மூஞ்சில அடிக்கும்," என்றார் கமிட்டியில் ஒருவர்.

"நம்ம ஸ்கூலுக்கு அவ இதுவரைக்கும் வந்ததில்லண்ணே. சரஸ்வதி சன்னல் வழியா வந்துக்குவா," என்றேன்.

சிரித்தார்கள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். பங்குனி வெயிலில் வெள்ளையடித்து முடித்தபோதுதான் செயலாளர் தன் திட்டத்தைச் சொன்னார். புதுக் கட்டடம் பெரிய வகுப்புகளுக்கும் ஆபீசுக்கும். ஒன்றாம் வகுப்பு பழைய அறையிலேயே இருக்கட்டும்.

கையிலிருந்த வெள்ளையடிக்கும் பிரஷ்ஷை வாளியில் போட்டேன்.

"சார், அந்த ரூமுக்காகத்தானே சார் இதையே கட்னோம்?"

"கோச்சிக்காத. உன் கதவு நேரா மைதானத்துல வுடுது. அது சின்னதுங்க. ஓடிப்போய் ரோட்டுல நிக்கும். அங்க கிரில்லு கீது, பூட்டு கீது. பெரிய பசங்கன்னா சொன்ன பேச்சு கேப்பானுங்க."

மனைவியிடம் வந்து சொன்னேன். அவள் சட்டியைக் கழுவிக்கொண்டே இருந்தாள், கழுவி முடித்த சட்டியை. பிறகு, "ஜூன்ல மழை வந்துடுங்க," என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் நானே செயலாளரிடம் போய் ஒரு பந்தயம் மாதிரி வைத்தேன். லீவு விடுவதற்கு முன்னால் ஒரு ஒத்திகை. எச்சரிக்கை கேட்டதும் பிள்ளைகள் பெஞ்சுக்கு அடியில் போய்த் தலையை மூடவேண்டும். பிறகு வரிசையாக வெளியே வந்து மைதானத்தில் நான் சுண்ணாம்பில் போட்ட வட்டத்துக்குள் நிற்கவேண்டும். ஒரு சின்னப் பிள்ளைகூட ரோட்டுக்கு ஓடக்கூடாது. நல்லபடியாக நடந்தால் ஜூனில் ஒன்றாம் வகுப்பு புதுக் கட்டடத்தில்.

"நடக்கலன்னா?" என்றார்.

"நடக்கலன்னா கிரில்லு, பூட்டு, உங்க இஷ்டம்."

சொல்லிவிட்டு நேராக மைதானத்துக்குப் போய் வட்டத்தை இன்னொரு முறை அளந்து பார்த்தேன்.

முதல் பயிற்சியிலேயே பிரச்சினை தெரிந்தது. மணி அடித்தால் பிள்ளைகள் தட்டை எடுக்கிறார்கள். பூமி ஆடுது என்று சொன்னால், "பிளாஸ்ட்டுதானே சார்?" என்று ஒரு பெண் என்னைத் தேற்றுகிறாள். இந்த ஊரில் பிள்ளைகளுக்குப் பயம் என்பதைப் பாடமாகத்தான் நடத்தவேண்டும். அதற்கு, கேட்டதும் உட்கார விடாத ஒரு சத்தம் தேவை என்று முடிவு செய்து, பெங்களூரில் ஒரு பழைய சாமான் கடையில் மின்சாரச் சங்கு ஒன்றைக் கண்டுபிடித்தேன். கடைக்காரர் ஒருமுறை ஊதிக் காட்டினார். அடிவயிற்றிலிருந்து எழும்பி, உச்சிக்குப் போய், அழுதுகொண்டே இறங்கி, மறுபடி எழும்பியது. பக்கத்துக் கடையில் ஒருவர் கையிலிருந்த பெட்டியைக் கீழே போட்டார். அருமை என்று வாங்கிவிட்டேன்.

"மணியே விட்டு விட்டு அடிச்சா போதாதாங்க?" என்றாள் மனைவி.

"மணி சோத்துக்கு."

"அப்போ ஊர்லயாவது ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"நெலநடுக்கம் சொல்லிட்டா வருது?"

இந்தப் பதிலை நினைத்து நான் ரயிலில் போகும்போதெல்லாம் தனியாகச் சிரித்திருக்கிறேன். அந்த அளவுக்குப் பிடித்திருந்தது.

ஒத்திகை நாள், காலை முதல் பாட நேரம். நான் லீவு போட்டிருந்தேன். பெரிய வகுப்புகளைப் புதுக் கட்டடத்தில் உட்கார வைத்திருந்தோம். ஒன்றாம் வகுப்பு பழைய அறையில், என் மனைவியோடு. கதவு உள்பக்கமாகத் திறக்கும், அதை ஒருக்களித்துச் சாத்தியிருந்தாள். கிரில் திறந்திருந்தது. ஆபீஸ் அறையில் இருந்த சங்கு சுவிட்சைப் போடும் மரியாதையைச் செயலாளருக்குக் கொடுத்தேன். நான் மைதானத்தில் வட்டத்துக்குப் பக்கத்தில் நின்று கையைத் தூக்கிக் காட்டினேன்.

சங்கு எழும்பியது.

புதுக் கட்டடத்துச் சன்னல்களில் தலைகள் மறைந்தன. பெஞ்சுக்கு அடியில். சரி. கொஞ்ச நேரத்தில் கதவுகள் படபடவென்று வெளிப்பக்கம் திறந்தன. தலையில் கை வைத்துக்கொண்டு வரிசை வரிசையாக வந்தார்கள். ஒருவன்கூடத் தள்ளவில்லை. வட்டத்துக்குள் வந்து நின்றார்கள். என் கதவுகளை நானே கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்திருப்பேன். பழைய அறைக் கதவு திறப்பதற்காகத் திரும்பினேன். அது திறப்பதற்கு முன்னால் எனக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. காலடிச் சத்தம். நிறைய.

கேட் வழியாக ஊர் உள்ளே வந்துகொண்டிருந்தது.

ஈரக் கையோடு பெண்கள். பனியனோடு பென்ஷன்காரர்கள், இரண்டு அடி வைத்தால் மூச்சு வாங்கும் நெஞ்சுகளோடு. ஒரு பக்கம் மட்டும் சவரம் செய்த முகம் ஒன்று. செருப்பில்லாத கால்கள். யாரும் கூச்சல் போடவில்லை, அதுதான் என்னை உறைய வைத்தது. அந்த முகங்களை நான் பார்த்திருக்கிறேன்.

சுரங்கத்தில் ஷிஃப்ட் மாறும் நேரத்துக்குச் சங்கு ஊதும். அது கடிகாரம். நேரமில்லாத நேரத்தில் நீளமாக ஊதினால் கீழே விபத்து. உடனே எல்லோரும் ஷாஃப்ட்டை, ஆட்கள் சுரங்கத்துக்குள் இறங்கும் குழியை நோக்கி ஓடுவார்கள். ஆபத்து இருக்கும் இடத்தை விட்டு அல்ல, ஆபத்து இருக்கும் இடத்துக்கு. சின்ன வயதில் நானும் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறேன். நிலம் ஆடினால் எழுந்திருக்காத ஊர், அந்தச் சத்தத்துக்கு மட்டும் அடுப்பை அணைக்காமல் எழுந்து ஓடும். சுரங்கம் மூடிய பிறகு இந்த ஊரில் சங்கே ஊதியதில்லை. இத்தனை வருஷம் கழித்து அதைத் தேடிப்பிடித்து வாங்கி வந்து, ஒரு பள்ளிக்கூடத்தின் உச்சியில் வைத்து ஊதியவன் நான்.

வட்டத்தில் நின்ற பிள்ளைகளை அவர்கள் பார்த்தார்கள். பெரிய பிள்ளைகள். சின்னப் பிள்ளைகள் எங்கே? பழைய கட்டடத்தைப் பார்த்தார்கள். கூட்டம் ஆறு திரும்புகிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பி வராந்தாவுக்குள் புகுந்தது.

"ஒண்ணும் ஆவல!" என்று கத்தினேன். "சும்மா! ஒத்திகை! சும்மா ஊதினோம்!"

ஒரு அம்மாள் திரும்பி என் தோளில் ஓங்கி ஒன்று போட்டார். "கொழந்தைங்க உள்ள கீதுங்க, உனக்கு இப்பவும் வெளையாட்டாடா?"

இதைத்தான் முதலில் சொன்னேன், என் பெயரைப் பற்றி.

வராந்தாவில் ஆட்கள் நெருக்கியடித்து நின்றார்கள். முன்னால் இருந்தவர்கள் கதவைத் தள்ளினார்கள். கதவு உள்பக்கம் திறப்பது. உள்ளே வரிசையாக நின்ற பிள்ளைகள் கதவுக்குப் பின்னால். வெளியே தள்ளத் தள்ள உள்ளே நசுங்குகிறார்கள். என் மனைவியின் குரல் கேட்டது, வகுப்பில் பேசும் குரலே இல்லை அது: "தள்ளாதீங்க! கொழந்தைங்க! பின்னாடி போங்க!" அவள் கத்தியது வெளியே இருந்தவர்களுக்கு அலறலாகக் கேட்டது. இன்னும் வேகமாகத் தள்ளினார்கள். ஒவ்வொரு தள்ளலுக்கும் கதவு நிலை அதிர்ந்தது. ஒவ்வொரு அதிர்வுக்கும் மூலையில் இருந்த அந்த விரிசலிலிருந்து மண் புகை மாதிரி வந்தது. பூமி ஆடவே இல்லை. நாங்களே ஆட்டிக்கொண்டிருந்தோம்.

சங்கு நிற்கவில்லை. அதை நிறுத்தாமல் யார் காதிலும் எதுவும் ஏறாது. ஆபீசுக்கு ஓடினேன். பூட்டியிருந்தது. சுவிட்சைப் போட்ட செயலாளர் பழக்கதோஷத்தில் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். அவரைத் தேடி ஓடினேன். கேட்டுக்கு வெளியே ரோட்டில் நின்றிருந்தார். பள்ளிக்கு முதுகு, ஷாஃப்ட் இருந்த பக்கம் முகம். சுவிட்சைப் போட்டவரே அவர்தான். ஆனாலும் அந்தச் சத்தம் அவருடைய காலை அந்தத் திசைக்கு இழுத்துப் போயிருந்தது.

"சார், சாவி!"

என்னை யாரென்றே தெரியாத மாதிரி பார்த்தார்.

"சார்! ஒண்ணாங் கிளாஸு கதவுல மாட்டிக்கிச்சு சார்! சாவி!"

சட்டைப் பையிலிருந்து கை தானாகச் சாவியை எடுத்துக் கொடுத்தது. நான் ஓடிப்போய்ப் பூட்டைத் திறந்து, சுவிட்சை அணைத்தேன். சங்கு அழுதுகொண்டே இறங்கி அடங்கியது. அந்த அமைதியில் அவருடைய குரல் கேட்டது. பூமிக்கடியில் பழகிய குரல்.

"வர்ற ஆளுக்கு வழி!"

மைதானமே திரும்பிப் பார்த்தது.

"வழி வுடு! மேல வர்ற ஆளுக்கு வழி! ரெண்டு பக்கமா நில்லு!"

அதற்குப் பிறகு நடந்ததை நான் எந்த வரைபடத்திலும் போட்டிருக்க முடியாது. ஷாஃப்ட்டின் வாயில், கீழிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு கூண்டு வரும்போது, குடும்பங்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி நிற்கும். நடுவில் யாரும் கால் வைக்கமாட்டார்கள். கணவன் வருகிறானா மகன் வருகிறானா என்று உயிர் துடித்தாலும் நடுப்பாதை காலியாக இருக்கும். வருகிற ஆளுக்கு வழி. அந்த வார்த்தை காதில் விழுந்ததும் வயதானவர்கள் முதலில் பின்னால் நகர்ந்தார்கள். அவர்கள் பக்கத்தில் இருந்த இளசுகளின் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். வராந்தா காலியானது. கதவு வாசலிலிருந்து கேட் வரை இரண்டு வரிசை, நடுவில் ஒரு பாதை.

கதவு உள்பக்கம் திறந்தது.

முதலில் ஒரு பெண் குழந்தை வந்தாள், தலையில் இரண்டு கையும் வைத்துக்கொண்டு, சொல்லிக் கொடுத்தபடியே. பின்னால் ஒருவன். பின்னால் இன்னொருவன், மூக்கு ஒழுக. அந்தப் பாதை வழியாக ஒவ்வொருவராக நடந்து வந்தார்கள். இரண்டு பக்கமும் நின்றவர்கள் கையை நீட்டி ஒவ்வொரு தலையையும் தொட்டார்கள், தன் பிள்ளையா அடுத்தவர் பிள்ளையா என்று பார்க்காமல். ஒரு பென்ஷன்காரர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதார். அவருக்கு அந்தப் பள்ளியில் பேரப்பிள்ளை யாருமில்லை.

"இன்னாத்துக்குடா எல்லாரும் வந்துக்கீறாங்க?" என்று ஒருவன் முன்னால் போனவனிடம் கேட்டான்.

"ப்ரைஸு குடுப்பாங்க," என்றான் முன்னால் போனவன்.

கடைசியாக என் மனைவி வந்தாள். சேலையெல்லாம் மண். உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு வராந்தாவைத் தாண்டினாள். அடுத்து என்னைத்தான் தேடினாள். கண்டுபிடித்ததும் மூச்சு வாங்கிக்கொண்டு, "மணி போதும்னு சொன்னனா இல்லியா?" என்றாள்.

அவள் சேலையிலிருந்த மண்ணைத் தட்ட நான் கையை நீட்டும்போது அவளுக்குப் பின்னால் மூலை இறங்கியது. பெரிய சத்தமில்லை. களைத்த ஆள் உட்காருகிற மாதிரி, கதவு நிலைக்குப் பக்கத்தில் இருந்த கற்கள் சரிந்து வராந்தாவில் விழுந்தன. கூடவே புளியங்கொட்டைகள், சாக்பீஸ் துண்டுகள், மிட்டாய்க் காகிதங்கள், கடைசியில் ஒரு முழு ஸ்கேல். போஸ்ட் பாக்ஸ் எல்லாத் தபாலையும் ஒரே நாளில் பட்டுவாடா செய்துவிட்டது.

அந்த இடத்தில்தான் கொஞ்சம் முன்னால் ஊர் நெருக்கியடித்து நின்றிருந்தது.

நான் அந்த ஸ்கேலையே பார்த்துக்கொண்டிருந்தேன். செயலாளர் மெதுவாக வந்து வராந்தாவுக்குச் சற்றுத் தள்ளி நின்றார். கிரில்லைத் தொடவில்லை.

"பெஞ்சு எடுக்கக்கூட யாரும் உள்ள போவாதீங்க," என்றார் ஊருக்கு. என்னைப் பார்க்காமலே, "ஒண்ணாங் கிளாஸு புதுசுல. நாளையிலர்ந்தே. ஆபீஸ மரத்தடியில போட்டுக்கறேன்" என்றார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பினார். "அந்தச் சங்க கழட்டுடா டேய்."

முதல்முறையாக அவர் என்னை டேய் என்றார். எனக்கு அது பிடித்திருந்தது.

ஊரில் ஒரு மாதம் நான் தலை நிமிர முடியவில்லை. டீக்கடைக்குப் போனால் யாராவது வாயைக் குவித்து ஊ என்று ஊதுவார்கள். மற்றவர்கள் என்னைச் சுற்றி இரண்டு பக்கமும் ஒதுங்கி வழி விடுவார்கள். சம்பாதித்ததுதானே என்று நடுவில் நடந்துபோய் டீ வாங்கிக்கொள்வேன்.

ஆனால் வரைபடத்தை மறுபடி விரித்தேன். பிள்ளைகள் எப்படி வெளியே வருவார்கள் என்பதற்குக் கதவு, வரிசை, வட்டம் எல்லாம் போட்டிருந்தேன். ஊர் எப்படி உள்ளே வரும் என்பதற்கு ஒரு கோடுகூட இல்லை. இந்த ஊர் வரும். சங்கு இல்லாவிட்டாலும் வரும், போன் பார்த்து வரும். வராதே என்று சொல்லிப் பிரயோசனமில்லை. மதிலின் மறுபக்கத்தில் இரண்டாவது கேட் போட்டேன், பிள்ளைகளின் வட்டத்திலிருந்து தள்ளி. உள்ளே நுழைந்தவர்கள் நிற்க அகலமான இடம், நடுவில் ஒரு பாதை, இரண்டு பக்கமும் இடுப்பளவு கம்பி. கமிட்டியில் இதற்கு யாரும் லட்சுமியைக் கூப்பிடவில்லை. செயலாளர் மட்டும், கம்பியை இன்னும் கொஞ்சம் உயரமாகப் போடச் சொன்னார். "சாஞ்சுக்கினு நிப்பாங்க," என்றார். எச்சரிக்கைக்கு மணிதான், விட்டு விட்டு அடிப்பது. மனைவியின் யோசனை என்று கல்வெட்டு வைக்கலாமா என்று கேட்டேன். அவள் உதட்டைச் சுழித்தாள். அந்த அளவுக்கு நிலைமை சீரடைந்திருந்தது.

மழை வந்தது. ஆவணியில் ஒரு நாள், நான் பெங்களூரில் யாருடைய காருக்கோ வீடு வரைந்துகொண்டிருந்தபோது, ஊரிலிருந்து ஒருவர் போனில் செய்தி அனுப்பினார்: பிளாஸ்ட்டு, பெருசு. உடனே மனைவியைக் கூப்பிட்டேன். ரிங் போனது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. பெல்ட்டில் எங்காவது கம்பியை இணைக்காமல் விட்டுவிட்டோமா என்று ஒவ்வொரு மூலையாக மனசுக்குள் ஏறி இறங்கினேன். பக்கத்து மேசைக்காரர் தண்ணீர் கொடுத்தார். டம்ளரைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தேன், ஊர்ப் பழக்கத்தில்.

கடைசியில் அவளே கூப்பிட்டாள்.

"எங்க போயிட்ட நீ?"

"மைதானத்துலங்க. போனு பைக்குள்ள, பை கிளாஸ்ல இருந்துச்சு, இப்பதான் போய் எடுத்தேன். கொழந்தைங்க எல்லாம் வட்டத்துல கீது. செவுத்துல ஒரு கீறல் இல்ல, பாத்துட்டேன்."

டம்ளரைக் கீழே வைத்தேன். அவள் தொடர்ந்தாள்.

"ஆனா ரெண்டாவது கேட்டாண்ட ஊரே வந்து நிக்குதுங்க."

"வழி வுட்டு நிக்கிறாங்களா?"

"ரெண்டு பக்கமாத்தான் நிக்கிறாங்க. செயலாளரு நடுவுல நின்னுக்கினு கீறாரு." பின்னால் அந்தக் குரல் யாரையோ அதட்டுவது போனில் தெளிவாகக் கேட்டது. "உங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொல்றாரு."

"இன்னாவாம்?"

"இவ்ளோ எடம் வுட்டியே, ஒரு டீக்கடைக்கு எடம் வுட்டியான்னு கேக்கறாரு."